கூம்ரிம் தொகுதியில் காணாமல் போன ஒரு ஓட்டு

தொகுதி வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர் என்றொரு இனம் உண்டு. கொரியாவில் நாடாளுமன்றத் தொகுதிகள் இருநூற்றைம்பது சொச்சம். ஒழுங்கான சாலை இல்லாத தொகுதியை உங்களுக்குக் காட்டிவிடலாம், ஒழுங்கான வேட்பாளர் இல்லாத தொகுதியைத் தாராளமாகக் காட்டலாம், இவர் இல்லாத தொகுதியை மட்டும் காட்டவே முடியாது. இவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. நிற்கவும் மாட்டார். ஆனால் நின்றவர்கள், நிற்கப் போனவர்கள், நின்று படுத்தவர்கள், கடைசி நிமிடத்தில் மாமியார் சொல்லி வாபஸ் வாங்கியவர்கள் என்று அத்தனை பேருடைய ஜாதகமும் இவருடைய நாக்கு நுனியில் இருக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இவருக்கு வருடம் என்று ஒன்று கிடையாது, தேர்தல்தான் உண்டு. எப்போது கல்யாணம் ஆனது என்று கேட்டுப் பாருங்கள், பதின்மூன்றாவது தேர்தல் முடிந்து நாற்பதாவது நாள் என்பார். மூத்த மகள்? பதினான்காவதுக்கு முந்தின வாரம். பித்தப்பையை எடுத்தது பதினெட்டாவதும் பத்தொன்பதாவதும் நடுவில். மனிதர் சாகும்போதும் இரண்டு தேர்தலுக்கு நடுவில்தான் சாவார் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் தேர்தலை விட்டுவிட்டு அவரால் எப்படிப் போக முடியும்?

எங்கள் கூம்ரிம் தொகுதிக்கு வாய்த்தவர் தாக் பொம்-சிக். பேருந்து நிலையத்துக்கு எதிரே வீடு, மனை வாங்கி விற்கும் தரகு அலுவலகம் வைத்திருக்கிறார். சோபா இரண்டு, பொட்டலக் காப்பி ஒரு பெட்டி, சுவரில் தொகுதியின் வரைபடம் பதினேழு. போன வசந்தத்தில் அரசு மருத்துவமனைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு செவிலி, வாடகைக்கு அறை தேடி அங்கே நுழைந்தாள். ஜன்னல் தெற்குப் பக்கமா, வெயில் வருமா என்று கேட்டாள். ஒரு நியாயமான கேள்வி. அந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில்தான் எட்டாவது தேர்தலில் ஒரு வேட்பாளர் மாட்டு வண்டி மேல் ஏறிப் பேசி வண்டியோடு சரிந்தார் என்று தாக் ஆரம்பித்தார். முதல் தேர்தலில் ரப்பர் காலணிக்கு ஓட்டுப் போட்ட கதை, மூன்றாவதில் பானை பானையாய் அரிசிக் கள் ஊற்றிய கதை, ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்று சட்டம் இருந்த காலத்தில் தோற்பதற்கே ஆள் கிடைக்காமல் திண்டாடிய கதை, மக்கள் தொகை குறைந்ததால் கூம்ரிமைப் பக்கத்துத் தேசொக்கோடு சேர்த்த கதை, பிரித்த கதை, பிறகு நாம்கொக்கோடு சேர்த்த கதை, அதையும் பிரித்து மறுபடி தேசொக்கோடு, சண்டை போட்டுப் பிரிந்த சம்பந்திகளை மாதிரி, வெட்கமில்லாமல் சேர்த்த கதை, எல்லாம் வந்தது. செவிலி மூன்று காப்பி குடித்தாள். வெயில் வருமா என்பது தெரியவில்லை. வெளியே வந்தபோது வெயிலே போயிருந்தது.

இதெல்லாம் முன்னுரைதான். தாக் பேசும் எல்லாப் பாதைகளும் கடைசியில் பதினாறாவது தேர்தலில்தான் போய் முட்டும்.

பதினாறாவதில் அவருடைய சொந்த மைத்துனர் குக் தொங்-ஹா நின்றார். தாக்கின் மனைவி யொன்-ஓக்குக்கு உடன்பிறந்த அண்ணன். இரண்டாம் நம்பர். நெஞ்சில் பெரிதாக இரண்டு போட்ட பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு தாக் அந்தப் பதினாறு நாளும் பேருந்து நிலைய நாற்சந்தியில் பாட்டுக்கு ஆடினார், போகிற வருகிற லாரிக்கெல்லாம் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார், ஒரு முறை நாய் ஏற்றிப் போன வண்டிக்கும் கும்பிட்டார். ஓட்டு எண்ணினார்கள். மைத்துனருக்கு இருபத்தோராயிரத்து நானூற்று எட்டு. எதிரிக்கும் இருபத்தோராயிரத்து நானூற்று எட்டு.

இப்படிச் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்குவதோ காசு சுண்டுவதோ எங்களிடம் கிடையாது. இரண்டு பேரில் வயதில் மூத்தவர் ஜெயித்தவர். சட்டமே அப்படித்தான், சோற்றில் முதல் கரண்டி மூத்தவருக்கு என்கிற மாதிரி. எதிரி பதினோரு நாள் மூத்தவர். மறு எண்ணிக்கை வைத்தார்கள். அப்போதும் அதே கணக்கு. பதினோரு நாள் வித்தியாசத்தில் குக் தொங்-ஹா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். உண்மையில் தொங்-ஹாதான் எதிரியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வயது மூத்தவர். அவர் பிறந்தபோது அப்பா பிறப்பைப் பதியப் போனார். போகிற வழியில் கள்ளுக்கடை இருந்தது. அலுவலகத்தை அடைய இரண்டு வருடம் ஆனது. அந்தக் காலத்தில் பாதிக் கொரியா அப்படித்தான் பதியப்பட்டது, ஆனால் மற்றவர்களுக்கு அதனால் நாடாளுமன்றம் கை நழுவவில்லை.

ஆக, தேவைப்பட்டது ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒன்றைத்தான் தாக் இருபத்து நான்கு வருடமாகத் தேடினார். ஊரில் அன்று ஓட்டுப் போடாதவர்கள் அத்தனை பேரும் அவர் பட்டியலில் இருந்தார்கள். அவரை மாதிரி ஒரு ஆளுக்கு வரலாறு என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? யார் தலையில் கட்டலாம் என்ற ஆராய்ச்சிதான். பட்டியலின் உச்சியில் சந்தைத் தோஃபுக்காரி சா மல்-சுன். அன்று சோயாப் பயறு கொதிக்கிறது என்று நின்று, ஆறு மணிக்கு மூடுகிற வாக்குச்சாவடிக்கு ஆறு மணி ஆறு நிமிடத்துக்கு ஓடி வந்தவள். அடுத்து மலைக்கோயில் துறவி. மௌன விரதம் என்று இறங்கி வரவில்லை. விரதம் வாய்க்குத்தானே, கைக்கு என்ன வந்தது என்று தாக் அவரை நேரிலேயே கேட்டிருக்கிறார். பசு கன்று போட்டதால் வராத மிளகாய் விவசாயி ஒருவர், தேர்தலுக்கு முந்தின நாள் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஜெஜு தீவுக்குப் பறந்த ஜோடி ஒன்று. அந்த ஜோடி விவாகரத்தே ஆகிவிட்டது. தாக் இன்னும் மன்னிக்கவில்லை.

"அன்னிக்கு நீ எங்க இருந்த?" என்பார், தோஃபு வாங்கும்போதெல்லாம். "நான் காலைல ஏழு மணிக்கே போயி, ஒரு பத்திரத்துல குத்துற மாதிரி கலங்காம அழுத்திக் குத்திட்டு வந்தேன். உனக்குப் பயறு பெருசாப் போச்சு."

மல்-சுன் உதட்டைக் கடித்துக்கொண்டு தோஃபுவை வெட்டுவாள், தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கும். துறவியும் அப்படித்தான், குனிந்துகொள்வார். குற்ற உணர்ச்சி என்று தாக் குறித்துக்கொள்வார்.

செத்தவர்களுக்கும் விடுதலை இல்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மாமனாரின் நினைவுநாள் படையலில் தாக் மது ஊற்றி, இரண்டு முறை விழுந்து வணங்கி, எழுந்ததும், 'மாமா, அந்த ரெண்டு வருஷம் கள்ளுக்கடையில என்னதான் பண்ணுனீங்க' என்று படத்தைப் பார்த்து ஒரு முறை கேட்டுவிடுவார். யொன்-ஓக் அவரைச் சமையலறைக்கு அனுப்பி, வந்த முப்பது பேருக்கும் அப்பம் சுட வைப்பாள். இருபத்து நான்கு படையல், இருபத்து நான்கு முறை அவர் மட்டுமே அப்பம் சுட்டார். தன் கைப்பக்குவம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

இப்படி இருக்கையில்தான் ஊர்க் கலாச்சார மன்றம் கூம்ரிமின் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்து, தேர்தல் அத்தியாயத்தை எழுத தாக்கைக் கூப்பிட்டது. முப்பது வருடமாக அவர் காத்திருந்த அழைப்பு. பேசினதெல்லாம் காற்றோடு போகும், இது கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் நிற்கும், பேரப்பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பார்கள். மனிதர் கடையை அரை நாளாகக் குறைத்தார். தொண்ணூறு பக்கம் எழுதினார். அதில் அறுபது பக்கம் பதினாறாவது தேர்தல், அதிலும் நாற்பது பக்கம் குற்றவாளிகள், பெயரோடு, தெருவோடு, அன்று செய்துகொண்டிருந்த வேலையோடு.

அச்சுக்குப் போகுமுன் ஊர்க்காரர்கள் முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். கூடத்தில் நாற்பது பேர். குற்றவாளிகள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். சரிபார்க்க வந்திருந்தவர் மியோங் இன்-சுன் அம்மாள். ஓய்வு பெற்ற தேர்தல் அதிகாரி, பதினாறாவதில் ஓட்டு எண்ணிக்கைக்கும் மறு எண்ணிக்கைக்கும் பொறுப்பாக இருந்தவர். தாக் இரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கினார். முடிந்ததும் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"செல்லாத ஓட்டு அறுநூத்திப் பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க, சரிதான். ஆனா அதைப் பத்தி அப்புறம் ஒரு வரிகூட இல்லையே தாக் ஐயா."

அது முட்டாள்களின் கணக்கு, வரலாற்றில் சேராது என்றார் தாக்.

"அதுல ஒரு சீட்டு எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. ரெண்டாம் நம்பர் கட்டத்துல, கோடு தொடாம நட்ட நடுவுல குத்தியிருந்துச்சு. ஆனா சாவடியில குடுக்குற முத்திரை இல்ல. சொந்தப் பேரு முத்திரை."

கூடம் முழுக்க நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தங்கள் காலணியை ஆராயத் தொடங்கினார்கள். தாக் கையிலிருந்த தொண்ணூறு பக்கத்தையும் மேசையில் வைத்தார். இருபத்து நான்கு வருடம் வராதவர்களையே தேடினாரே, வந்து கெடுத்தவனை நினைக்கவே இல்லையே. எங்களுக்குக் கையெழுத்தைவிட முத்திரைதான் பெரிது, பத்திரமோ வங்கியோ பெயர் வெட்டிய முத்திரையைத்தான் குத்துவோம். அதற்காக வாக்குச்சீட்டிலா?

யார் அந்த அறிவு கெட்டவன் என்று கேட்டார். ரகசிய வாக்கு, சொன்னால் தன்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார் அம்மாள். தாக் விடவில்லை. வரலாறு என்ன பாவம் செய்தது என்றார். அந்த ஆளின் பெயரைக் கல்லில் வெட்டிப் பேருந்து நிலையத்தில் நட வேண்டும், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்க் காட்ட வேண்டும், பேரைச் சொல்லாவிட்டால் குறைந்தது தொழிலையாவது சொல்லுங்கள் என்றார். மல்-சுன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் மேல் இருந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தாக் பெரிய மனது பண்ணி நினைத்துக்கொண்டார்.

"நேரமாச்சு. அச்சுக்கு விடுறதுக்கு இந்தச் சம்மதப் படிவத்துல ஒண்ணு குத்திடுங்க" என்று அம்மாள் ஒரு தாளை நகர்த்தினார்.

தாக் உள்பையிலிருந்து முத்திரையை எடுத்தார். எருமைக் கொம்பில் செய்தது, தொழில் தொடங்கிய நாளிலிருந்து இருப்பது. சிவப்பு மையில் இரண்டு தட்டுத் தட்டினார். பழக்கப்படி வாய்க்கு அருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஓர் ஊது ஊதி, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி அழுத்தினார்.

அம்மாள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா விழுந்திருக்கு. அந்தச் சீட்டுலயும் இப்படித்தான், துளிகூடக் கலங்கல." தாளை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "கீழ் மூலையில இந்தச் சின்ன உடைசல்கூட அப்படியே. நான் யாரு பேரையும் சொல்லலைங்க."

தாக் தன் முத்திரையின் கீழ் மூலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தேர்தலன்று காலை ஆறு மணிக்கே ஒரு வயல் பத்திரத்தை முடித்துவிட்டுத்தான் அவர் சாவடிக்குப் போயிருந்தார். மறைப்புத் துணி, பலகை, பலகை மேல் திறந்த சிவப்பு மை. பக்கத்தில் நூலில் கட்டி ஏதோ ஒரு முத்திரை தொங்கியது. சிவப்பு மையைப் பார்த்ததும் கை தானாக உள்பைக்குப் போனது. இருபத்து நான்கு வருடமாக அந்த நொடியை அவர் ஆயிரம் முறை ஊருக்குச் சொல்லியிருக்கிறார், அழுத்தியதைச் சொன்னார், கலங்காததைச் சொன்னார். அழுத்துமுன் 'ஹா' என்று ஊதியது இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரான் தொட்ட சாவடி முத்திரையை யாராவது வாய்க்கருகே கொண்டுபோய் ஊதுவார்களா?

மறுநாளிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பயங்கரமான அமைதி நிலவியது. அறை கேட்டு வந்தவர்களுக்கு அறை கிடைத்தது. வெயில் வருமா என்றால் வரும் என்றார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மல்-சுன் தோஃபுத் தட்டோடு அவர் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு வாரமா என்னைத் திட்டவே இல்லையே. யாவாரமே ஓடல. அன்னிக்கு எங்க இருந்தன்னு ஒரு தடவை கேளுங்கண்ணே."

"ஒரு வாரமில்ல. மூணு நாள்தான்" என்றார் தாக். எவ்வளவு துக்கத்திலும் கணக்கு தவறக்கூடாதல்லவா. பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மத்தியானமே மைத்துனரைப் பார்க்கக் கிளம்பினார். குக் தொங்-ஹா அரசியலை விட்டுவிட்டு ஊர்க்கோடியில் ஸ்ட்ராபெரி வளர்க்கிறார். பாலித்தீன் கூடாரத்துக்குள் செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தவரிடம் தாக் மண்ணில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பயமாக இருந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டு, அதை வைத்தே இருபத்து நான்கு வருடம் ஊரை அதட்டியிருக்கிறார். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நாற்பது பக்கம் எழுதியிருப்பார்.

தொங்-ஹா ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு அப்பவே தெரியும் மாப்பிள்ளை."

"எப்ப மச்சான்?"

"மறு எண்ணிக்கை அன்னிக்கு. செல்லாத சீட்டு ஒவ்வொண்ணையும் என் கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டுனாங்கல்ல. ஏஜெண்டுங்க ஆறு பேரும் பார்த்தாங்க. நீதான் உள்ள இல்ல. வெளிய நின்னு கூட்டத்துக்கு முதல் தேர்தல்லேருந்து சொல்லிக்கிட்டு இருந்த."

ஆறு ஏஜெண்டுகள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரிதான். தோஃபுக்காரியின் தோள் எதற்குக் குலுங்கியது, துறவி எதற்குக் குனிந்தார், முப்பது பேருக்கு ஏன் அப்பம் சுட வேண்டியிருந்தது, எல்லாம் வரிசையாக விளங்கி, தாக் ஸ்ட்ராபெரிப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

"முதல்ல உன் கழுத்தை நெரிக்கலாம்னுதான் வந்தேன்" என்றார் தொங்-ஹா. "அப்புறம் யோசிச்சேன். எனக்கு ஓட்டுப் போட்டேன்னு சொன்னவன் ஊருல அம்பதாயிரம் பேரு. எண்ணிப் பார்த்தா இருபத்தோராயிரம்தான். எவன் போட்டான், எவன் ஏமாத்துனான்னு எனக்குத் தெரியவே தெரியாது. பேரு போட்டுக் குடுத்தது நீ ஒருத்தன்தான் மாப்பிள்ளை."

தாக் அழுதார். அழுதுகொண்டே பழம் தின்றார். அந்த வருடப் படையலில் மாமனார் படத்துக்கு முன்னால் விழுந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை, எழுந்தபோது கள்ளுக்கடையைப் பற்றிப் பேச்சே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் கரண்டியை எடுத்தார். இனிமேல் வேண்டாம், நான் சுட்டுக்கொள்கிறேன் என்றாள் யொன்-ஓக். அவர் கரண்டியைக் கொடுக்கவில்லை.

புத்தகம் வந்துவிட்டது, எங்கள் நூலகத்தில் இருக்கிறது, வந்தால் பாருங்கள். குற்றவாளிகளின் நாற்பது பக்கமும் காணோம். அந்த இடத்தில் ஒரே பத்தி. செல்லாத ஓட்டுகள் அறுநூற்றுப் பதினொன்று என்றும், அவற்றில் ஒன்று சொந்தப் பெயர் முத்திரையால் குத்தப்பட்டது என்றும், அது சரியாகக் குத்தப்பட்டிருந்தால் இரண்டாம் நம்பர் வென்றிருக்கும் என்றும், வாக்கின் ரகசியம் கருதி அந்த வாக்காளரின் பெயர் தரப்படவில்லை என்றும் அச்சிட்டிருக்கிறது. கூடவே அத்தியாயத்தின் முடிவில், பழைய புத்தகங்களில் செய்வது போல, ஆசிரியரின் முத்திரை. சிவப்பில், நட்ட நடுவில், கலங்காமல், கீழ் மூலையில் சின்ன உடைசலோடு. அது மட்டும் அரைப்பக்கத்துக்குப் பெரிதாக இருக்கிறது.

சரி, நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? உங்களிடமும் ஒரு பதினாறாவது தேர்தல் இருக்குமே. தம்பியால் கைவிட்டுப் போன மனை, மேலாளரால் தவறிய பதவி உயர்வு, யாரோ ஒருவர் பந்தைக் கோட்டைவிட்டதால் தோற்ற கோப்பை. வருடத்துக்கு நாலு தடவையாவது, கேட்க ஆள் கிடைத்தால், நாள் நட்சத்திரத்தோடு சொல்கிறீர்கள். அடுத்த முறை சொல்லும்போது எதிரில் இருப்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். குறுக்கே பேசாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, மிகப் பொறுமையாகக் கேட்கிறாரா? தோள் லேசாகக் குலுங்குகிறதா? கதையை அங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் உள்பையில் கையை விட்டுப் பாருங்கள்.